மலையில்லா நகரின் உலாவிடங்கள்

மலைநாட்டு நகரொன்றில் உலாவச் செல்பவனுக்கு இயற்கையே பாதியளவு வழியை வகுத்துக் கொடுத்துவிடுகிறது. கண்டி மாநகரில், கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் 1807ஆம் ஆண்டில் அமைத்த ஏரி கீழே கிடக்கிறது. அதன் கரையைச் சுற்றி வருவது ஓர் உலா. அரண்மனைக்குப் பின்னே எழுந்து நிற்கும் உடவத்தக்கெலைக் காட்டினுள் ஏறி இறங்குவது மற்றோர் உலா. 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆள்பதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் மனைவியார் பெயரால் அக்காட்டினூடே ஒரு நடைவழி இன்றும் வழங்குகிறது. இன்னும் மேலே, கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலே கிடக்கும் நுவரெலியாவில், விக்டோரியா மகாராணியார் முடிசூடிய அறுபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி 1897இல் ஒரு பூங்கா உருவாயிற்று. குளிரும் பனியும் மரமும் நீரும் உள்ள இடத்தில் ஒரு பாதையை வெட்டி, இரண்டு ஆசனங்களைப் போட்டுவிட்டால் உலாவிடம் ஒன்று அமைந்துவிடும். அதற்குப் பெரும் முயற்சி வேண்டியதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதை வேறு. ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்நிலத்தில் மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. இயற்கைக் காடு என்று சொல்லத்தக்கதும் அதிகம் இல்லை. சுண்ணாம்புக் கல்லின்மேற் செம்மண்ணும் மணலும் படிந்து கிடக்கும் அச்சமதரை, பத்து மீற்றர் உயரத்தைத் தாண்டும் இடங்கள் மிகச் சிலவே. கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. அங்கே மலையைத் தேடிச் செல்வோர் காண்பது கடற்கரையோரத்து நன்னீர்க் கேணியையும் நகுலேசுவரத்தையுமே. வடமராட்சிக் கிழக்கிலே மணற்காடு என்னும் கரையோர ஊரில் காற்றுக் குவித்த மணற்குன்றுகள் உள. பழைய தேவாலயமொன்றின் இடிபாட்டை மணல் மூடி நிற்க, அருகே சவுக்கந்தோப்பு நிழல் தருகிறது. குடாநாட்டில் ஏறி இறங்கி நடக்க வேண்டும் என்ற ஆசை உடையவனுக்கு இயற்கை கொடுத்தது அவ்வளவே.

ஆகவே, இந்நகரில் மக்கள் காற்று வாங்கவும் உலாவவும் ஓடவும் உள்ள இடங்கள் அனைத்தும் மனிதர் ஆக்கியவை. ஆனால் அவற்றுள் மிகப் பெரியவை மக்கள் உலாவுவதற்காக ஆக்கப்பட்டவை அல்ல. ஒன்று பீரங்கிக்காக வெறுமையாக்கப்பட்டது. மற்றொன்று ஒரேயொரு அதிகாரியின் நிழலுக்காக நடப்பட்டது. அவை இரண்டும் பொதுமக்கள் கைக்கு வந்த வரலாறு யாழ்ப்பாணத்தின் இறுதி நானூறு ஆண்டு வரலாற்றின் ஒரு சிறு முகமாகும்.

அவற்றுக்கு முன்னிருந்தவற்றை முதலிற் காணல் தகும். யாழ்ப்பாணத்து ஊர்களின் உள்வழிகள் ஒழுங்கைகள். இருபுறமும் கிடுகு வேலியோ பனையோலை வேலியோ ஆளுயரத்துக்கு மேல் நிற்க, இடையே ஒரு வண்டி செல்லும் அளவுக்கு மணற்பாதை. நிலம் தலைமுறைதோறும் பங்கு பங்காகப் பிரிந்து வந்தமையால் வேலிகள் பெருகின. வேலிகள் பெருகியமையால் ஒழுங்கைகள் வளைந்தன. அவ்வழியே நடப்பவன் வேலிக்குள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காணான். வேலிக்குள்ளே இருப்பவர்களோ செல்பவன் யார், எங்கே போகிறான் என்பதைப் பொட்டினூடே நன்கு காண்பார்கள். வேலை இன்றி ஒருவன் ஒழுங்கையில் உலாவுவது அக்காலத்து யாழ்ப்பாணத்தானுக்குச் சற்றுச் சங்கடமான செயலே. நடை என்பது தோட்டத்துக்கோ சந்தைக்கோ கோயிலுக்கோ செல்வதற்கு உரியது.

அத்தகைய நடைக்குத் துணையாக முன்னோர் சில ஏற்பாடுகளைச் செய்திருந்தனர். தலைச்சுமையோடு வருபவன் பிறர் உதவியின்றித் தானே சுமையை இறக்கி வைத்து மீண்டும் தூக்கிக்கொள்ளச் சுமைதாங்கிகள், மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கற்கள், நீர் பருகக் கேணிகளும் தண்ணீர்ப் பந்தல்களும், இளைப்பாற மடங்கள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி எழுப்புவது தமிழரிடையே இருந்த வழக்கம். சுமையோடு சென்றவளின் பெயரால் வழிப்போக்கர் சுமை இறங்கட்டும் என்ற எண்ணத்தில் எழுந்த அக்கற்கள் வெறும் வசதிக்காக நடப்பட்டவை அல்ல. பருத்தித்துறையிலே தெருமூடி மடம் என்று ஒன்று இன்றும் உளது. தெருவின் இருமருங்கும் திண்ணையும் கற்றூணுமாக எழுந்து, தெருவின் மேலேயே கூரை மூடி நிற்பது அம்மடம். வழிப்போக்கன் நிழலைத் தேடி ஒதுங்க வேண்டியதில்லை. வழியே நிழலாகி நிற்கிறது. வெயில் எரிக்கும் ஒரு சமதரையில் நடப்பவனுக்கு எது வேண்டும் என்பதனை இதனினும் நன்றாக அறிந்து கட்டிய கட்டடம் குடாநாட்டில் வேறு இல்லை எனலாம்.

கோயில் வீதிகளையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் வெண்மணல் வெளிவீதியில் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் ஆயிரக் கணக்கானோர் வெறுங்காலோடு வலம்வருவர். அங்கப் பிரதட்சணம் செய்வோர் மணலிற் புரண்டு செல்வர். உலாத்துக்கென்று அமைந்ததன்று ஆயினும், நடையை ஒரு சாதனையாக்கிய இடம் அது. அந்நல்லூர்த் தேரடியிலே செல்லப்பா சுவாமிகளை அடைந்து ஞானவழி பெற்றவர் யோகர் சுவாமிகள். 1872இல் பிறந்து 1964இல் மறைந்த அவர் கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தின் கீழ் நெடுங்காலம் அமர்ந்திருந்தார் என்பதும், குடாநாடெங்கும் கால்நடையாகவே திரிந்தார் என்பதும், கதிர்காமத்துக்கு நடந்தே சென்றார் என்பதும் யாழ்ப்பாணத்தார் பலரும் அறிந்த செய்திகள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை செல்லும் பாதயாத்திரை வாரக்கணக்கான நடை. மட்டக்களப்பையும் பொத்துவிலையும் கடந்து, குமண, யால காடுகளினூடே அது செல்கிறது. 1980களிலே போரினால் அறுபட்டு, பின்னர் மீண்டும் தொடங்கிய அவ்வழியே இலங்கைத் தமிழரின் மிக நீண்ட நடைவழி.

ஆயினும், அந்த மடமும் வீதியும் கேணியும் எல்லார்க்கும் ஒப்பத் திறந்திருக்கவில்லை என்பதனை மறைத்தல் வரலாறாகாது. சாதியாற் கீழ்ப்படுத்தப்பட்ட மக்கள் எத்தனையோ கோயில்களில் வாசலோடு நின்றனர். கிணறுகளில் நீரள்ள உரிமையின்றி யாரேனும் வார்க்கும்வரை காத்திருந்தனர். தேநீர்க் கடைகளில் வேறிடத்தில் அமர்த்தப்பட்டனர். 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் வழக்கம் உடனே மாறிவிடவில்லை. எந்த வழியில் யார் நடக்கலாம் என்ற கேள்வி யாழ்ப்பாணத்தில் ஏட்டளவிலான கேள்வியாக ஒருபோதும் இருந்ததில்லை. எந்தக் கோயிலுக்கும் எந்தச் சாதிக்கும் உரியதாகாத ஒரு வெளி அந்நகரில் எவ்வாறு தோன்றியது என்பது இதனாலேயே ஆராயத்தக்கதாகிறது.

1619ஆம் ஆண்டிலே பிலிப்பே தெ ஒலிவேரா என்னும் போர்த்துக்கேயத் தளபதி சங்கிலி மன்னனை வென்று யாழ்ப்பாண இராச்சியத்தை முடிவுக்குக் கொண்டுவந்தான். நல்லூர் அரசிருக்கையை இழந்தது. கடனீரேரிக் கரையில், தோணிகள் வந்தடையும் துறையை அடுத்து, போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பினர். 1658இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு அதனைக் கைப்பற்றினர். கைப்பற்றியவர்கள் பழைய நாற்கோணக் கோட்டையை விட்டு ஐங்கோணக் கோட்டை ஒன்றை அமைத்தனர். உட்கோட்டை வேலை 1680 அளவிலும், புறக்காப்பு வேலைகள் 1792இலும் நிறைவெய்தின. அத்துணைக் காலம் செலவிட்டுக் கட்டிய புறக்காப்புகள் மூன்றே ஆண்டுகள்தாம் அவர்களுக்குப் பயன்பட்டன. 1795இலே ஆங்கிலேயர் வந்தபோது கோட்டை போரின்றியே கைமாறியது.

இவ்வகைக் கோட்டைக்கு ஒரு நியதி உண்டு. கொத்தளங்களிலே வைத்த பீரங்கியின் குண்டு செல்லும் எல்லைக்குள் மரமோ வீடோ மேடோ இருத்தலாகாது. பகைவன் ஒளிந்து வர ஒரு மறைவும் வேண்டாம் என்பது கருத்து. ஆகவே அகழிக்கு அப்பால் நிலம் வெட்டவெளியாக விடப்பட்டது. ஒல்லாந்தர் குடியிருந்த நகரம் அவ்வெளிக்குக் கிழக்கே, பிரதான வீதியும் பறங்கித் தெருவுமாக எழுந்தது. கோட்டைக்கும் நகருக்கும் நடுவே கிடந்த அந்த வெறுநிலமே முற்றவெளி. வீட்டின் முன்னே முற்றம் இருப்பது போலக் கோட்டையின் முன்னே இருந்தமையால் மக்கள் அப்பெயரிட்டனர் போலும். கொல்வதற்காக வெறுமையாக்கிய இடத்துக்கு வீட்டு முற்றத்தின் பெயர் வாய்த்தது.

ஆங்கிலேயர் காலத்திலே பீரங்கிக்கு வேலையில்லாமற் போயிற்று. வெளி மட்டும் எஞ்சியது. அரசாங்க நிலமாகையால் அதை யாரும் பங்கிட்டு வேலியடைக்க இயலவில்லை. குடாநாட்டில் வேலியில்லாத பெருநிலம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றே. மெல்ல மெல்ல அதன் விளிம்புகளிற் பொதுக் கட்டடங்கள் எழுந்தன. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்தமையின் நினைவாக, ஸ்மிதர் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடத்தின்படி, 1882இல் மணிக்கூட்டுக் கோபுரம் நிறைவுற்றது. முனியப்பர் கோயிலில் மக்கள் விளக்கேற்றினர். நகர மண்டபம், வீரசிங்கம் மண்டபம், சிறுவர்க்கான சுப்பிரமணியம் பூங்கா ஆகியன அயலில் அமைந்தன. 1959 ஒக்டோபர் 11ஆம் நாள் பொதுசன நூலகம் திறக்கப்பட்டது. நடுவிலே கிடந்த புல்வெளியிற் பையன்கள் பந்தடித்தனர். மாலையில் முதியோர் கடற்காற்று வாங்கினர். தேர்தற் காலத்திலே மேடைகள் முளைத்தன.

அந்த மேடைகளுள் ஒன்றையேனும் இங்கே குறிப்பிடாது விடலாகாது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கு எதிராகத் திரண்ட மக்கள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாகப் புறப்பட்டனர். பொலிசார் தடியடி நடத்தினர். அதன் பின்னரும் ஊர்வலம் ஏறத்தாழ ஆறு மைல் நடந்து நகரை அடைந்தது. கூட்டம் நடந்த இடம் முற்றவெளி. கோயில் வீதிகளில் அன்று அவர்களுக்கு அத்தகைய கூட்டம் நடத்த இடம் கிடைத்திராது. ஒல்லாந்தன் பீரங்கிக்காக ஒதுக்கிய நிலத்திற்குச் சாதி இல்லை என்பது அன்று பயன்பட்டது.

இனி, நகரின் கிழக்கே, சுண்டிக்குளியிலே உள்ள பழைய பூங்காவின் வரலாறு. அதனைச் சொல்லத் தொடங்கினால் பேர்சிவல் அக்லண்ட் டைக் என்னும் ஆங்கிலேயரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 1829 முதல் 1867 வரை, சிறு இடைவெளிகள் நீங்கலாக, வட பகுதியின் அரசாங்க அதிபராயிருந்தவர் அவர். ஆள்பதிகள் வந்தனர், சென்றனர். டைக் துரை இருந்தார். வட பகுதியின் ராசா என்று அவரைச் சிலர் அழைத்ததிற் புகழ்ச்சியும் உண்டு, குத்தலும் உண்டு. கொழும்பின் கட்டளைகளுக்கு எளிதில் வளையாதவர். தம் கீழுள்ளோர் தமக்கு வளைய வேண்டும் என்று எதிர்பார்த்தவர். மேற்பார்வைக்காக ஊர் ஊராகச் சுற்றுவது அவர் வழக்கம். 1867இல் கோப்பாயிலே அவர் உயிர் நீத்தார்.

அவர் தம் சொந்தப் பணத்திலே சுண்டிக்குளியில் நிலம் வாங்கி, வதிவிடம் அமைத்து, சுற்றிலும் மரங்களை நடுவித்து, பின்னர் வரும் அதிபர்களுக்கென்று அதனை அரசாங்கத்துக்கு விட்டுச் சென்றார் என்பது யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உள்ளூர் மரங்களோடு பிறநாட்டு மரங்களையும் அவர் வருவித்து நட்டார் என்பர். நீருக்குக் கிணற்றையே நம்பியிருக்கும் ஒரு வறண்ட நிலத்தில் பயன்மரமல்லாத மரங்களை வளர்ப்பது யாழ்ப்பாணத்தானுக்கு அன்று விந்தையாகவே தோன்றியிருக்கும். பனையும் தென்னையும் பலாவும் மாவும் ஆதாயம் தருவன, வேம்பு மருந்தாவது. வெறும் நிழலுக்காக ஏக்கர்க் கணக்கில் மரம் வைப்பது துரைமாரின் போக்கு! ஆயினும் அந்தப் போக்கின் பயன் அடுத்த நூற்றாண்டிலே விளங்கிற்று. நட்டவர் காண முடியாத நிழலைப் பிறர் கண்டனர்.

பூங்காவை ஒட்டியே கச்சேரி இருந்தது. குடாநாட்டின் எப்பகுதியிலிருந்தும் காணிக்காரியமாகவோ உத்தியோகக் காரியமாகவோ வருபவன் கச்சேரிக்கே வரவேண்டும். வந்தவன் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்குக் கிடைத்தது டைக் துரையின் மரநிழல். டைக்குக்குப் பின், 1869 முதல் 1896 வரை, அப்பதவியை வகித்த வில்லியம் துவைனம் ஓய்வு பெற்ற பின்னும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகாது 1922இல் இங்கேயே காலமானார். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப் இளம் உத்தியோகத்தராக 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றியபோது கோட்டை மதிலின் மீதிருந்த வீட்டிலே குடியிருந்தார். இவ்விதமாக, முற்றவெளியும் பூங்காவும் ஆட்சியின் இரு முகங்களாகவே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை விளங்கின.

அம்முகம் மாறிய ஒரு நாள் உண்டு. 1961 பெப்ரவரி 20ஆம் நாள், தமிழ்மொழி உரிமை கோரித் தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கினர். நாள்தோறும் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து வாயில்களின் முன்னே தெருவில் அமர்ந்தனர். பெண்களும் முதியோரும் அவர்களுள் இருந்தனர். ஏப்ரல் மாதம் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டுத் தலைவர்கள் தடுத்து வைக்கப்படும் வரை அது நீடித்தது. ஏறத்தாழ இரண்டு மாதம், அதிபரின் பூங்காவுக்கு எதிரே, அதிபரின் ஆணையை மறுத்து மக்கள் அமர்ந்திருந்தனர் என்பது டைக் துரை கனவிலும் எண்ணாத பயன்.

ஓட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். உலாவுதல் மாலைப் பொழுதுக்கு உரியது. ஓடுதல் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட மைதானத்தோடு வந்தது. 1816ஆம் ஆண்டு முதல் வந்து குடியேறிய அமெரிக்க மிசனரிமாரும், வெஸ்லியன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்க மிசன்களும், பின்னர் சைவப் பெருமக்களும் நிறுவிய கல்லூரிகள் ஒவ்வொன்றும் ஒரு மைதானத்தை வைத்திருந்தன. வேலிகள் நிறைந்த நிலத்தில் இவையே ஓடக்கூடிய வெளிகள். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடந்துவரும் துடுப்பாட்டப் போட்டி இன்றும் வடக்கின் பெருஞ்சமர் என வழங்குகிறது. ஆண்டுதோறும் இல்லங்களாகப் பிரிந்து நடத்தும் மெய்வல்லுநர் போட்டிக்கு ஊரே திரண்டு வரும். சுண்ணாம்புக் கோடிட்ட புற்றரையில் வெறுங்காலோடு ஓடிய பையன்களே பெரும்பாலோர்.

முற்றவெளிக்கு அண்மையிலுள்ள அம்மத்திய கல்லூரியின் மாணவர்தாம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934இற் பிறந்த அவர் 1952இல் எல்சிங்கி ஒலிம்பிக் விழாவிலும், 1956இல் மெல்போண் ஒலிம்பிக் விழாவிலும் உயரம் பாய்தலிற் பங்கு கொண்டார். 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரத்தைத் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாக்களில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. மேடும் குன்றும் இல்லாத நிலத்திலே பிறந்தவர் உயரம் பாய்தலில் ஆசியாவை வென்றார். 2024இல் அவர் மறைந்தபோது அவரைத் தங்கள் பிள்ளை என்று கொண்டாடாத பள்ளிக்கூடம் குடாநாட்டில் இல்லை எனலாம்.

பின் வந்த காலத்தைச் சுருக்கமாகவேனும் சொல்லாதிருக்க இயலாது. 1974 ஜனவரி 10ஆம் நாள் நான்காம் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவுக் கூட்டம் வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே நடந்தபோது, பொலிசாரின் நடவடிக்கையால் ஏற்பட்ட குழப்பத்திலே மின்கம்பி அறுந்து வீழ்ந்து மக்கள் உயிரிழந்தனர். அவர்களுக்கான நினைவுத் தூண்கள் முற்றவெளியில் நிற்கின்றன. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலில் நூலகம் எரிந்தது. 1990இலே கோட்டை முற்றுகைக்குள்ளாகி, 1706ஆம் ஆண்டு கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் தரைமட்டமாயிற்று. பீரங்கி எல்லையாக வகுக்கப்பட்ட முற்றவெளி, ஏறத்தாழ இரு நூற்றாண்டு கழித்து, மீண்டும் அப்பணிக்கே திரும்பியது. கச்சேரிக் கட்டடமும் பூங்காவினுள்ளிருந்த வதிவிடமும் போரிலே சிதைந்தன. வதிவிடத்தின் கூரையற்ற சுவர்களை இன்றும் மரங்களுக்கிடையே காணலாம். டைக்கின் கட்டடம் அழிந்தது. மரங்கள் பல தப்பின.

1995 ஒக்டோபர் 30ஆம் நாளிலே குடாநாடு முன் கண்டறியாத ஒரு நடை நிகழ்ந்தது. வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கானோர் ஓரிரவிற் புறப்பட்டுச் செம்மணி வெளியையும் நாவற்குழியையும் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். மழை பெய்துகொண்டிருந்தது. மூத்தோரை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றவர்களும், துவிச்சக்கர வண்டியில் வீட்டுப் பொருளைக் கட்டி உருட்டிச் சென்றவர்களும் அடிமேல் அடி வைத்து நகர்ந்தனர். சுமைதாங்கி கட்டிய முன்னோரின் பிள்ளைகள் அன்றிரவு சுமையை இறக்கி வைக்க ஓரிடமின்றி நடந்தனர்.

கொலையுண்ட முன்னாள் நகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயரால் முற்றவெளிப் பகுதியில் அமைந்த விளையாட்டரங்கும் அக்காலத்திற் பாழடைந்து கிடந்தது. 1999இலே அதனைச் செப்பனிடத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அரங்கம் பின்னர் இந்திய அரசின் உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூன் 18ஆம் நாள் மீளத் திறக்கப்பட்டது. இன்று விடியற்காலையில் இளைஞர் ஓடிப் பழகும் தரையின் கீழே இவ்வளவும் கிடந்தது.

போர் ஓய்ந்த பின் நகரத்தார் மீண்டும் நடக்கத் தொடங்கினர். முன்பு வேலையில்லாதவன் செயலாகக் கருதப்பட்ட உலாத்து, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வைத்தியர் விதிக்கும் மருந்தாகிவிட்டமையால் மதிப்பும் பெற்றது. பழுது பார்க்கப்பட்ட கோட்டை மதிலின் மேல் மாலையில் குடும்பங்கள் ஏறி நின்று சூரியன் கடனீரேரியில் விழுவதைப் பார்க்கின்றன. சமதரை மக்களுக்குக் கிடைத்த சிறு மலை அது. பண்ணைக் கரையில் தீவுகளுக்குச் செல்லும் தெருவோரமாகக் காற்று வாங்குவோர் பலர். நகர நடுவிலுள்ள ஆரியகுளம் 2021இல் தூர்வாரப்பட்டுச் சுற்றிலும் நடைபாதை பெற்றது. பழைய பூங்காவின் நிலத்திலே வட மாகாண ஆளுநரின் செயலகம் அமைந்துள்ளது. ஆளுவோர் அங்கே நிழல் தேடும் வழக்கம் டைக்கின் காலத்தோடு நின்றுவிடவில்லை. அதன் மரங்களிலே கை வைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் நகரத்தார் குரல் எழுப்புகின்றனர். நிழலுக்கு மரமா என்று வியந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

வடக்கே வலிகாமத்தில் வேறொரு நிலைமை நீடித்தது. 1990இல் பலாலி விமான தளத்தைச் சுற்றிய ஊர்களை விட்டு மக்கள் வெளியேறிய பின் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. ஊர்களுக்கிடையே இருந்த ஒழுங்கைகள் பற்றை மூடி மறைந்தன. நிலம் சிறிது சிறிதாகவே திரும்பியது. மீண்டு சென்றவர்களிற் பலருக்குத் தம் வளவின் எல்லையைக் காட்ட வேலி இல்லை. கிணற்றையும் ஒரு பழைய மரத்தையும் அடையாளமாகக் கொண்டே வழி கண்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து பலாலிக்குச் செல்லும் தெருவின் மூடிய பகுதி முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் 2025 ஏப்ரல் மாதம் திறக்கப்பட்டது. திறக்கப்பட்ட அன்று தெருவோரத்து அறிவித்தற் பலகையில் விதிகள் சில எழுதப்பட்டிருந்தன. காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரை வாகனங்கள் செல்லலாம், இடையில் நிறுத்தலாகாது, படம் எடுத்தலாகாது, நடந்து செல்லலாகாது.